வாசலில் வலை கட்டும் பெரிய எட்டுக்கால் பூச்சி: கடித்தால் ஆபத்தா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் 27 ஆண்டுகள் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தேன். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் என்ற ரப்பர் போய்ச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை வந்தது. பிறகு லயங்களை இடித்துத் தாமான் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். ஆனாலும் எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் இன்னும் செம்பனைதான். மழை ஓய்ந்த காலையில் பார்த்தால் வேலிக்கும் தென்னைக்கும் நடுவே இரண்டு முழ அகலத்தில் வலை மின்னும். உள்ளங்கை அளவு சிலந்தி ஒன்று நடுவில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும்.

அதைப் பார்த்துப் பயந்துபோய் இன்றும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் வாயால் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் தந்திருக்கிறேன்.

டிரெசர், எங்க வீட்டுப் பின்னால கறுப்பும் மஞ்சளுமா பெருசா ஒண்ணு இருக்கு. அது விஷப்பூச்சியா?

நஞ்சு உண்டு, ஆனால் மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. சிலந்திகளில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் நஞ்சு இருக்கிறது. வலையில் விழுந்த ஈயையும் வெட்டுக்கிளியையும் அசையாமல் செய்ய அது வேண்டும். உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட சிலந்தி வகைகளின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐத் தொட்டது. அதில் மனித உயிருக்கு ஆபத்தானவை மிகச் சில. வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமாக வலை கட்டும் சிலந்திகள் அந்தச் சிலவற்றில் சேராது. வட்ட வலை கட்டுகிறவற்றிலேயே உலோபோரிடே என்று ஒரு குடும்பம் உண்டு. அதற்கு நஞ்சுப் பையே கிடையாது. இரையை நூலால் இறுகச் சுற்றியே முடித்துவிடும்.

நீங்கள் பார்த்தது அநேகமாகப் பொன்வலைச் சிலந்தி. அறிவியல் பெயர் நெஃபிலா பிலிப்பெஸ். பெண்ணின் உடம்பு மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம். கால்களை விரித்தால் 20 சென்டிமீட்டர் வரை போகும். இந்தியா தொடங்கி நம் நாடு வழியாக ஆஸ்திரேலியா வரை இது வாழ்கிறது. வெயில் படும்போது வலையைப் பாருங்கள், நூல் தங்க நிறத்தில் இருக்கும்.

கடிச்சா என்ன ஆகும்?

முதலில் ஒன்று. அது தானாக வந்து கடிக்காது. எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல்தான். வலையில் ஏற்படும் அதிர்வை வைத்தே அது உலகத்தை அறிகிறது. நீங்கள் வலையில் மோதினால் அதன் கணக்கில் நீங்கள் இரை அல்ல, ஏதோ பெரிய ஆபத்து. ஓரத்துக்கு ஓடும், இல்லையென்றால் நூலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். கையால் அமுக்கினாலோ, சட்டைக்குள் மாட்டிக்கொண்டாலோதான் கடிக்கும்.

கடித்தால் தேனீ கொட்டியது போல ஒரு சுருக். அந்த இடம் சிவக்கும், சிறிது வீங்கும், அரிக்கும். ஒரு நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பால் வெட்டுக்காரர்கள் விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குள் போவார்கள். முகத்தில் வலை ஒட்டாத நாளே அவர்களுக்குக் கிடையாது. என் 27 ஆண்டில் வட்டவலைச் சிலந்தி கடித்து ஒருவரைக்கூட நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில்லை. குளவி கொட்டி அனுப்பியிருக்கிறேன், பாம்பு கடித்து அனுப்பியிருக்கிறேன்.

கடிச்சிட்டா உடனே என்ன செய்யணும்? சுண்ணாம்பு தடவலாமா?

வேண்டாம். சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, பற்பசை எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும். பிறகு அந்தப் புண்ணுக்குத்தான் மருந்து போட வேண்டி வரும். கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடவே கூடாது.

சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். விரலில் கடித்திருந்தால் மோதிரத்தை முதலில் கழற்றுங்கள். வலி இருந்தால் ஒரு பனடோல் போதும்.

மூச்சு வாங்கினால், உதடோ கண்ணோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், மயக்கம் வந்தால் அது ஒவ்வாமை. எந்தப் பூச்சி கடித்தாலும் சிலருக்கு அப்படி வரும். அப்போது பக்கத்து வீட்டு ஆளைக் கேட்டுக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள். மருத்துவர்களுக்கே சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது.

எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்ஞ்சு கழுத்தெல்லாம் கொப்பளம். இதுக்கு என்ன சொல்றீங்க?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்கு நான் அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் சிலந்தியால் யாரும் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. சிலந்தி என்று நினைத்துச் சும்மா இருந்ததால் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் மொழியிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. தமிழில் சிலந்தி என்ற சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள். ஒன்று பூச்சி, மற்றொன்று புண், கட்டி, கொப்பளம். உடம்புக்குள் புழு புகுந்து காலில் வெளிவரும் பழைய நோய் ஒன்றுக்கு நரம்புச் சிலந்தி என்றே பெயர். அதற்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால், தோலில் காரணம் தெரியாமல் வருவதையெல்லாம் பாட்டி காலத்திலிருந்தே பூச்சியின் தலையில் போட்டுவிட்டோம்.

சிலந்தி யார் மேலும் மூத்திரம் பெய்து கொப்பளம் உண்டாக்குவதில்லை. இரவில் படுத்து எழுந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ கழுத்திலோ கையிலோ சாட்டையால் அடித்தது போல நீளவாக்கில் சிவந்து எரிந்தால், அது பெரும்பாலும் சார்லி எறும்பின் வேலை. மலாய்க்காரர்கள் செமுட் சார்லி என்றும் செமுட் காயாப் என்றும் சொல்வார்கள். பெயரில்தான் எறும்பு, உண்மையில் அது ஒரு வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். வயல், ஈரப் புல்வெளி இங்கெல்லாம் வளர்ந்து, ராத்திரியில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நாம் தூக்கத்தில் அதை நசுக்கித் தேய்க்கிறோம். அதன் உடம்புச் சாற்றில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது, அதுதான் தோலைப் பொசுக்குகிறது. முழங்கை மடிப்பில் பட்டால் மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே தழும்பு விழும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கண் வீங்கிவிடும்.

அந்த வண்டு மேலே ஊர்ந்தால் அடிக்காதீர்கள். வாயால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு தாளில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். படுக்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, துண்டையும் போர்வையையும் உதறிப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்பளம் வரும். தோல் சிவக்கும் முன்பே அங்கே எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடும். இதையும் எட்டுக்கால் பூச்சி ஓடிவிட்டது என்பார்கள். காவி குழைத்து அக்கி எழுதுவது நம்மிடம் நெடுநாள் வழக்கம். எழுதிக்கொள்பவர்களின் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அக்கி என்பது சின்ன வயதில் வந்த தண்ணீர் அம்மையின் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி எழுவது. கொப்பளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் நன்றாகக் கேட்கும். காவி எழுதிக்கொண்டாலும் அதே நாளில் கிளினிக்குக்கும் போங்கள். கண் பக்கம் வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கால்ல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. எட்டுக்கால் பூச்சி கடிச்சதாத்தான் இருக்கும்னு சொல்றாங்களே?

கடித்ததைக் கண்ணால் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் அதைச் சிலந்திக்கடி என்று சொல்லாதீர்கள்.

2019-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆறாத கால் புண்ணுக்கு முதல் சந்தேகம் இனிப்பு நீர்தான். வெளிக்காட்டு வேலையில் இருந்த ஒரு அம்மா, கணுக்காலில் வந்த புண்ணைச் சிலந்திக்கடி என்று நம்பி மூன்று வாரம் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. இரத்தத்தில் சர்க்கரை இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. யாராவது ‘பூச்சிக்கடி’ என்று காலைக் காட்டினால் இன்றும் நான் முதலில் சர்க்கரையைத்தான் கேட்பேன்.

காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு இங்கெல்லாம் சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா? இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. மலாயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடையே 1920-களிலேயே இதைக் கண்டிருக்கிறார்கள். அக்காலத்தில் பலர் இறந்தார்கள். 1948-இல் கோலாலம்பூரில்தான் குளோரம்ஃபெனிகால் என்ற மருந்து இதைக் குணப்படுத்தும் என்று முதலில் கண்டார்கள். இப்போது டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். சிலந்திக்கடி என்று சும்மா விட்டால் ஈரலையும் நுரையீரலையும் தாக்கும். செம்பனைக்குள் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள் காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால், தோட்டத்தில் வேலை செய்வதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்ப நம்ம ஊர்ல எந்தச் சிலந்திக்கும் பயப்பட வேணாமா?

இரண்டிடம் கவனமாக இருங்கள்.

ஒன்று பழுப்பு விதவைச் சிலந்தி. தீபகற்ப மலேசியாவில் இது இருப்பது பதிவாகியிருக்கிறது. உடம்பு மொச்சைக் கொட்டை அளவு. வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை மாதிரி ஒரு குறி. அதன் வலை வட்டமாக இருக்காது, தாறுமாறாக இழுத்துக் கட்டியிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில், தபால் பெட்டியில், வெளியே கிடக்கும் சப்பாத்தில் இருக்கும். முட்டைப் பையைப் பார்த்தால் உடனே தெரியும், சின்ன ரம்புத்தான் போல முள்முள்ளாக இருக்கும். கடித்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வலி. இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

மற்றொன்று மண்மேட்டில் வளை தோண்டி வாழும் மயிரடர்ந்த பெரிய சிலந்தி. டாரண்டுலா என்பார்கள். வளைக்குள் கையோ குச்சியோ விட்டால் முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கடி கடுமையாக வலிக்கும். பையன்களை வளை நோண்ட விடாதீர்கள். அந்த வளையில் பாம்பும் இருக்கலாம்.

குசினிச் சுவரில் சப்பையாக, வலையே இல்லாமல், கை அகலத்துக்கு ஒன்று ஓடுகிறதே, அது வேறு. கரப்பான் பிடிக்கிறது. விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்புல ‘பனானா ஸ்பைடர்’ கடிச்சா ரெண்டு மணி நேரத்துல சாவுன்னு வந்துச்சே. படத்துல இருக்கறதும் நம்ம வீட்டுல இருக்கறதும் ஒண்ணுதானே?

படம் ஒன்று, எழுத்து வேறு. அதே பெயரால் இரண்டு சிலந்திகளை அழைக்கிறார்கள். உடம்பில் மஞ்சள் இருப்பதால் பொன்வலைச் சிலந்தியை அப்படிச் சொல்கிறார்கள். தென்னமெரிக்காவில், நடு அமெரிக்காவில் வாழும் ஃபோனியூட்ரியா என்ற நச்சு மிக்க சிலந்தி வாழைத்தாரில் ஒளிந்துகொள்வதால் அதற்கும் அந்தப் பெயர். அது வலையில் உட்காராது, ராத்திரியில் தரையில் திரியும். மலேசியக் காட்டிலோ தோட்டத்திலோ அது இல்லை. இந்தத் தகவல் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

வலைக்கு நடுவுல பெருக்கல் குறி போட்டிருக்கு. முள்ளு முள்ளா நண்டு மாதிரியும் ஒண்ணு இருக்கு. அதெல்லாம்?

எல்லாம் அதே கூட்டம்தான். பெருக்கல் குறி போடுவது ஆர்ஜியோப்பே. இரண்டிரண்டு காலாகச் சேர்த்து அந்தக் குறியின் மேலேயே உட்காரும். பறவைகள் வலையைக் கண்டு விலகவா, பூச்சியை இழுக்கவா, எதற்காக அந்த வெள்ளைத் தையல் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். முள் வைத்தது காஸ்டெரகாந்தா. முதுகு ஓடு போலக் கெட்டியானது, அதன் நெருங்கிய உறவு ஒன்றுக்கு மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு நீண்டு வளைந்திருக்கும். அந்த முள் குத்தும் ஆயுதம் இல்லை, பறவை விழுங்காமல் இருக்கத்தான். இரண்டும் மனிதருக்குத் தீங்கில்லாதவை.

பொன்வலையின் ஓரத்தில் சின்னதாகச் செம்பழுப்பில் ஒன்று தொங்கும், 5, 6 மில்லிமீட்டர்தான். குட்டி என்று நினைப்பீர்கள், அதுதான் ஆண். வெள்ளித் துளி போல மின்னும் வேறு சில பொடிச் சிலந்திகளும் அதே வலையில் குடியிருந்து, விழும் சிறு பூச்சிகளைத் திருடித் தின்னும். பிள்ளைகளை ஒரு கை தூரத்தில் நிறுத்தி இதைக் காட்டுங்கள். ஒரு வலையில் இத்தனை பேர் குடியிருப்பதை அவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்?

அந்த நூலு அவ்வளவு பலமா? மோட்டார்ல போகும்போது முகத்துல பட்டு அறுக்கிற மாதிரி இருக்கு.

எடைக்கு எடை பார்த்தால் எஃகை விட வலுவானது. பொன்வலையில் சிறு குருவியும் வௌவாலும் சிக்கியதைக்கூடக் கண்டிருக்கிறார்கள், ஆனால் அபூர்வம். நடுவிலிருந்து ஆரக்கால் போல ஓடும் நூல் ஒட்டாது, சுற்றிச் சுற்றிப் போகும் சுருள் நூல்தான் ஒட்டும். பல வட்டவலைச் சிலந்திகள் பழைய சுருளைத் தின்றுவிட்டு, அதே சத்தில் புது நூல் இழுக்கின்றன. மடகாஸ்கரில் இதன் உறவுக்காரச் சிலந்திகள் 12 லட்சத்தைப் பிடித்து, நூல் எடுத்துவிட்டு, மறுபடி வெளியே விட்டு, சாயமே போடாத பொன்னிற மேலாடை ஒன்று நெய்தார்கள். 2012-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள்.

வலையை அழிச்சா பாவமா, டிரெசர்?

இதைக் கேட்டது எதிர்வீட்டுப் பாட்டி. அவருக்குத் திருவானைக்கா கதை தெரியும். வெண்நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி வலையால் பந்தல் போட்டது. யானை அதை அழுக்கென்று எண்ணிக் கலைத்தது. கலைக்கக் கலைக்கக் கட்டி, கடைசியில் தும்பிக்கைக்குள் புகுந்து கடித்தது சிலந்தி. இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக் கோயில்களைக் கட்டியது என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சிலந்தியை அடிக்கமாட்டார். நபிகள் நாயகம் குகையில் இருந்தபோது வாயிலில் சிலந்தி வலை கட்டிக் காத்தது என்று அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. 

பாவம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. ஆனால் கொசுவும் ஈயும் வெட்டுக்கிளியும் விழும் வலை அது. கொல்ல ஒரு காரணமும் இல்லை. முக்கியமாக, பூச்சிமருந்து டின்னைத் தூக்காதீர்கள். களைக்கொல்லி பாராகுவாட்டை இந்த நாடு 2020 ஜனவரியில் தடை செய்தது. அதற்கு முன் அதைத் தோளில் சுமந்து அடித்த பெண்களின் நகத்தையும் தோலையும் நான் பார்த்தவன். சிலந்திக்காகக் குழந்தை விளையாடும் இடத்தில் மருந்து அடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சரி, தீபாவளி வருது, வாசல்லயே கட்டியிருக்கு. எப்படி எடுக்கிறது?

முதலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீளக் கழி அல்லது தென்னை ஈர்க்கு விளக்குமாறு ஒன்றை எடுத்து, மேல் பக்க நூல்களை ஒவ்வொன்றாக அறுங்கள். வலை ஒரு பக்கமாகச் சரியும், சிலந்தி கழியில் தொற்றிக்கொள்ளும். கழியை ஆட்டாமல் நடந்து போய் வேலி ஓரத்துச் செடியில் சாய்த்து வைத்தால் தானே இறங்கிவிடும். கழியில் ஏறி உங்கள் பக்கம் வந்தால் கழியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், பயந்து உதறாதீர்கள். கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

மறுநாளும் அதே இடத்தில் கட்டினால், அங்கே எரியும் விளக்குக்குப் பூச்சி வருகிறது என்று பொருள். வாசல் விளக்கை இரவில் சீக்கிரம் அணையுங்கள். சார்லி எறும்பும் அதோடு குறையும்.

கூரை ஓரத்தில் பந்து மாதிரி கூடு கட்டியிருந்தால் மட்டும் கழியோடு போகாதீர்கள். அது குளவிக் கூடு. தள்ளி நின்று தீயணைப்புப் படையான பொம்பாவைக் கூப்பிடுங்கள்.